செந்தூலில் ஒரு கேஸ்கட்

பர்மிங்காமிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பும் முன் மாமா தொலைபேசியில் கேட்டது சாக்லேட் அல்ல. ஏர் ஃபில்டர் இரண்டு. அவரிடம் 1971ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் கார் ஒன்று இருக்கிறது. 1798 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் காகித வடிகட்டி. துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

வண்டி எட்டு மாதமாக ஓடவில்லை. ஒரு டப்பாவின் மூக்குக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கையேடு 12,000 மைலுக்கு ஒருமுறை வடிகட்டியை மாற்றச் சொல்கிறது. பக்கத்தில் அடுக்குமாடி எழும்பும் தெருவில் நிற்கும் வண்டிக்கு மைல் கணக்கு எதற்கு? பழைய வடிகட்டிக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சமே வெளியே வரவில்லை.

நானே மாட்டியிருக்கலாம். ஆனால் மாமாவுக்கு 'முறையான சர்வீஸ்' வேண்டும். குளிரூட்டிய வரவேற்பறை, காப்பி இயந்திரம், கைப்பேசியில் முன்பதிவு என்று எல்லா வசதியும் உள்ள ஓர் இடத்தில் விட்டோம். 280 வெள்ளி (ரிங்கிட்). பில் அழகாக அச்சாகி வந்தது. வண்டிதான் சரியாக வரவில்லை. பழைய கோம்பாக் சாலை ஏற்றத்தில் ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல் இரைத்தது. திரும்பப் போய்க் கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். வண்டியைச் சோதிக்கக் கணினி ஒயரோடு வந்த இளைஞர் அதைச் செருக இடம் தேடியதைப் பார்த்தபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

மறுநாள் செந்தூலில் ஒரு பட்டறை. தகரக் கூரை, சுவரில் முருகன் படம் போட்ட நாள்காட்டி, தே தாரிக் கறை படிந்த மேசை. அறுபது வயதுக்குக் குறையாத அண்ணன் ஒருவர், வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஒரு ஸ்பானரால் நான்கு நீள போல்ட்டையும் கழற்றி, இரண்டு டப்பாவையும் எடுத்து வைத்தார். "இப்போது மிதியுங்கள், தம்பி." எஞ்சின் தயக்கமில்லாமல் சீறியது.

"கார்புரேட்டர் நன்றாக இருக்கிறது. டப்பாவை மாட்டியதில்தான் தப்பு."

டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் காற்று கசியாமல் வைக்கும் மெல்லிய தகடான கேஸ்கட்டை நகத்தால் உரித்துக் காட்டினார். கார்புரேட்டரின் முகத்தில் இரண்டு சிறு துளைகள் உண்டு. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கி, எஞ்சினுக்குப் போகும் காற்றையும் பெட்ரோலையும் அளந்து விடும் பிஸ்டன் ஒன்று உண்டு. அந்தத் துளைகள் வழியாகத்தான் அதன் அடிப்பக்கத்துக்குக் காற்று போகும். அது போனால்தான் மேலே உள்ள வெற்றிடம் பிஸ்டனைத் தூக்கும். பின்பக்கக் கார்புரேட்டரின் புதுக் கேஸ்கட்டைத் தலைகீழாக வைத்ததில் துளைகள் இரண்டும் அடைபட்டிருந்தன. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டார், 'டக்'கென்று விழுந்தது. "சத்தம் வந்தால் சிக்கவில்லை என்று அர்த்தம்."

எஸ்.யூ. கம்பெனியின் தொழிற்சாலை பர்மிங்காமின் ஆடர்லி பார்க்கில்தான் இருந்தது. நான் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

அதே கேஸ்கட்டைத் திருப்பி வைத்தார். புது வடிகட்டிகளைக் கையில் எடுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தார். "இதற்குக் காற்றடிக்கிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். காகிதம் ஊசித் துளையாகக் கிழியும், கண்ணுக்குத் தெரியாது" என்றார். பிஸ்டனின் அசைவை நிதானப்படுத்தும் எண்ணெய்க் குழாயான டேஷ்பாட்டில் இருபதாம் நம்பர் ஆயில் கொஞ்சம் விட்டார். அரை மணி நேர வேலை, 40 வெள்ளி. பில் இல்லை. மாமா ஐம்பதாக நீட்டினார். மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

மாலையில் அதே கோம்பாக் சாலை, அதே ஏற்றம். மாமா மூன்றாம் கியரிலேயே ஏறினார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியபின், அடுத்த முறை வரும்போது கேஸ்கட் நான்கு வாங்கி வரச் சொன்னார்.