ஊர்க் கூட்டத்தில் முப்பரிமாணச் சாலை: இன்ஃப்ராவொர்க்ஸ் மென்பொருள் குறித்து

புறவழிச்சாலை வரப்போகிறது என்றால் ஊர்மக்கள் கைக்கு முதலில் வருவது சர்வே எண்களின் பட்டியல்தான். 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின்கீழ் நிலம் கையகப்படுத்துவதற்கான அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும். ஆனால் எண்ணையும் சதுர மீட்டரையும் வைத்துக்கொண்டு, சாலை தன் வாசலுக்கு எதிரே எத்தனை அடி உயரத்தில் எழும் என்பதையோ, வாய்க்கால் எந்தச் சிறுபாலத்தின் வழியே மறுபக்கம் போகும் என்பதையோ யாராலும் ஊகிக்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்பவே, சாலை வடிவமைப்பில் பணிபுரியும் நாங்கள் நிலத்தையும் அதில் வரவிருக்கும் சாலையையும் முப்பரிமாணத்தில் காட்டும், ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இன்ஃப்ராவொர்க்ஸ் மென்பொருளைச் சில ஆண்டுகளாக மக்கள் கூட்டங்களுக்கு எடுத்துச் செல்கிறோம். பொறியாளரின் மேசையில் அது எப்படி உதவுகிறது என்பதை விட்டுவிட்டு, ஊர்க் கூட்டத்தில் அது எவ்வளவு பயன்படுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவது எளிது. வரைபடத்தில் ஓர் எல்லையைக் குறித்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவசப் பொது வரைபடத்திலிருந்து சாலைகளையும் கட்டடங்களையும், செயற்கைக்கோள் படங்களையும், நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் தானே திரட்டி, பார்க்கத்தக்க ஒரு முப்பரிமாண மாதிரியை அது உருவாக்கித் தந்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் வடிவமைப்பு மென்பொருளான சிவில் த்ரீடியில் வடிவமைத்த சாலைத்தடத்தை அதன்மேல் பொருத்தினால், அன்று மாலைக்குள் திரையில் ஒரு சாலை ஓடத் தொடங்கும்.

ஆனால் அந்த வேகத்தை நம்பிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. தானாக வரும் நிலமட்டத் தரவு, நம் நாடு உட்படப் பல பகுதிகளுக்கு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்கள் சுற்றிவந்து ரேடாரால் பதிவு செய்தது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த தோப்பு இருந்தால் ரேடார் தரையைத் தொடாமல் மர உச்சியை ஒட்டியே திரும்பியிருக்கும். எங்கள் முதல் கூட்டத்தில் தென்னந்தோப்பு ஒன்று சிறு குன்றுபோல் எழுந்து நின்றதைப் பார்த்த தோப்பின் உரிமையாளர், "என் நிலம் மேடு இல்லீங்களே" என்றார். அவருடைய கிணறும் படத்தில் இல்லை. அதன்பிறகு மற்ற எதையும் யாரும் கவனிக்கவில்லை. களஅளவைத் தரவை ஏற்றாமல் அவசரப்பட்டது எங்கள் தவறு. இன்று ட்ரோன் அளவையில் கிடைக்கும் நிலமட்டத்தையும், புலப்படத்தில் உள்ள வரப்பு எல்லைகளையும், கிணறு, ஆழ்குழாய்க் கிணறு, மோட்டார் அறை, கோயில், களம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக ஏற்றிய பிறகே திரையைத் திறக்கிறோம். இந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். மென்பொருள் இதைச் செய்து தராது.

இதில் நான் மிகவும் மதிக்கும் வசதி, ஒரே மாதிரிக்குள் பல மாற்றுத் திட்டங்களை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நொடியில் மாறிக் காட்ட முடிவதாகும். ஒரு கூட்டத்தில் சாலைக்கு அடியில் ஊர்வழிக்கு விடப்படும் சுரங்கப்பாதையின் உயரம் குறித்து வாக்குவாதம் எழுந்தது. இலகு வாகனங்களுக்கான 4 மீட்டர் உயரத்தை ஒரு திட்டமாகவும், எல்லா வாகனங்களுக்குமான 5.5 மீட்டரை மற்றொன்றாகவும் வைத்திருந்தோம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்றை அந்த ஊரார் சொன்ன உயரத்துக்கே மாதிரியில் நிறுத்தி, இரண்டு பாதைகளுக்குள்ளும் செலுத்திக் காட்டினோம். 4 மீட்டர் பாதையில் பாரத்தின் மேல்விளிம்பு கூரையில் இடித்தது. 5.5 மீட்டருக்கு மாறியதும் பாரம் தடையின்றிப் போயிற்று. ஆனால் அதனால் சாலையின் மண்கரையும் ஒன்றரை மீட்டர் உயர்ந்து, கிழக்கே இருந்த வீடுகளின் பார்வையை மறைத்ததையும் அதே திரையில் எல்லோரும் கண்டார்கள். ஒன்றைப் பெற எதை விட வேண்டியிருக்கிறது என்பதை சாலையின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாகக் காட்டும் நீளவெட்டு வரைபடத்தை விரித்து வைத்து அரை மணி நேரம் பேசினாலும் எங்களால் அப்படிப் புரியவைத்திருக்க முடியாது. பிறகு வந்த ஆட்சேபணை மனுக்களில், எந்த இடத்தில் எவ்வளவு உயரம் வேண்டும் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

நாளையும் நேரத்தையும் மாற்றிச் சூரியனின் நிழலைப் பார்க்கும் வசதியும் எளியதாகத் தோன்றினாலும் பெரிதும் உதவுகிறது. சாலைக்கு மேற்கே இருந்த நெற்களத்தில் தை மாதக் காலை எட்டு மணிக்கு மண்கரையின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று காட்டியபோது, களத்தைப் பயன்படுத்துபவர்கள் முன்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சந்தாக் கட்டணம் சிறு அலுவலகங்களுக்குச் சுமைதான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் பெரிய மாதிரி நகராது. இரைச்சல், புழுதி, மழைநீர் தேங்குதல் ஆகியவை படத்தில் வருவதில்லை; அவற்றை வாய்விட்டுச் சொல்வது நம் பொறுப்பு. இவற்றைவிட என்னை உறுத்துவது படத்தின் பளபளப்பு. வழுவழுப்பான தார்ப்பரப்பையும் வரிசையாக நட்ட மரங்களையும் பார்ப்பவர்கள், எல்லாம் முடிவாகிவிட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆகவே முடிவாகாத பகுதிகளை வெறும் சாம்பல் நிறத்தில் விடும் வழக்கத்தை நாங்கள் மேற்கொண்டிருக்கிறோம். பறவைப் பார்வையில் பின்னணி இசையோடு ஓடும் பதிவுசெய்த காணொளியையும் இப்போது தவிர்த்துவிடுகிறோம்.

இதை வாங்க நினைக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கு என் பரிந்துரை, மென்பொருளை இயக்கத் தெரிந்தவரையே கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதுதான். ஒரு மூதாட்டி தன் வீட்டிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியைக் காட்டச் சொன்னார். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பார்வையை வைத்து, அவர் சொன்ன திருப்பங்களிலெல்லாம் திரும்பி, சர்வீஸ் ரோட்டைக் கடந்து சுரங்கப்பாதை வரை எங்கள் இளம் பொறியாளர் மெதுவாக நடத்திச் சென்றார். பாதையின் வாயிலில் மூதாட்டி நிறுத்தச் சொன்னார். "இங்க ஒரு விளக்கு வேணும் தம்பி" என்றார். விளக்கை அங்கேயே மாதிரியில் வைத்தோம். வரைபடத்திலும் அது சேர்ந்துவிட்டது.