ஐ7 என்று சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள்

அக்கா மகனுக்கு லேப்டாப் வாங்கப் போய் 27,500 ரூபாயை இழந்து நிற்கிறேன். என் பணமாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கள்ளக்குறிச்சியில் அக்கா தையல் மெஷின் மிதித்துக் கட்டிய சீட்டுப் பணம் அது. கல்லூரி திறக்கிற நேரத்தில் இதே போல இன்னும் எத்தனையோ வீட்டுப் பணம் போகும். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பையன் பி.சி.ஏ. முதலாம் ஆண்டு. பாடம், கொஞ்சம் கோடிங், ராத்திரி நண்பர்களோடு வேலரண்ட் என்கிற ஆன்லைன் கேம். அவன் கேட்டது அவ்வளவுதான். நான் சென்னையில் இருப்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. ரிச்சி தெருவில் ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். (நேர்மையாக விற்கிறவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள், என் பழைய டெஸ்க்டாப் அங்கே வாங்கியதுதான்.) பதில் உடனே வந்தது: "ஐ7, 8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராஃபிக்ஸ், விண்டோஸ் 11, செகண்ட்ஸ், 27,500."

நேரில் போனேன். மேல்மூடியில் புது ஸ்டிக்கர், ஒரு கீறல் இல்லை. பட்டனை அழுத்திய சில நொடிகளில் ஆன் ஆனது. "கிராஃபிக்ஸ் 4 ஜிபி இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) என்ற இடத்தில் 3.9 ஜிபி என்று இருந்ததைக் காட்டினார். "பாருங்க சார், கண்ணு முன்னாடியே இருக்கு." நம்பினேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சென்ட் சேரும் சார், எதுக்கு வீணா?" என்றார். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் "லேப்டாப் – 1" என்று எழுதி, ஒரு மாதம் டெஸ்டிங் வாரண்டி என்று வாயால் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ராத்திரி ஊரிலிருந்து போன். "மாமா, கேம் ஓப்பனே ஆகல. சார்ஜரை எடுத்தா ஒரு மணி நேரம்கூட நிக்கல." அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கடையில் பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்திருக்க வேண்டியவை எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட். புராசஸர், அதாவது லேப்டாப்பின் மூளையான சிப், இன்டெல் ஐ7-6600யு என்று இருந்தது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் ஜெனரேஷன், எத்தனையாவது தலைமுறை என்பது. 6600 என்றால் 6-ஆவது. 2015-இல் வந்த சிப், உள்ளே இரண்டே கோர். 2022-இல் வந்த ஐ3-1215யு-வில் (இது 12-ஆவது) ஆறு கோர் இருக்கிறது, இந்தப் பழைய ஐ7 அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஐ7 என்ற ஸ்டிக்கர் பொய் இல்லை. எந்தக் காலத்து ஐ7 என்பதை மறைத்ததுதான் ஏமாற்று.

கிராஃபிக்ஸ் விஷயம் இதைவிட மோசம். அதில் தனி கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது, புராசஸரோடு சேர்ந்து வரும் இன்டெல் எச்டி 520 மட்டும்தான். இந்த வகை கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமிலிருந்து கடன் வாங்கும். விண்டோஸ் அதற்கு வழக்கமாக ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கும். 8 ஜிபி ரேமில் பாதி 4 ஜிபி. கடைக்காரர் காட்டிய 3.9 அந்தக் கடன் வரம்பு! அதே திரையில் "ஷேர்டு" என்று எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. தனி கார்டு இருந்தால் "டெடிகேட்டட்" என்று தனியாக ஒரு அளவு காட்டும், என்விடியா அல்லது ரேடியான் என்று கார்டின் பெயரும் மாடலும் இருக்கும். அந்த மாடல் பெயரைக் கேளுங்கள். எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேலரண்ட் ஏன் திறக்கவில்லை? விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் பொதுவாக 8-ஆவது ஜெனரேஷனாவது வேண்டும். இதில் அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் ஓடவில்லை. அவை இல்லாத விண்டோஸ் 11-இல் வேலரண்ட் திறக்காது. விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

பேட்டரிக்கு விண்டோஸிலேயே ஒரு வழி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு அறிக்கை வரும். அதில் டிசைன் கெபாசிட்டியையும் (புதிதில் பிடிக்க வேண்டிய சார்ஜ்) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் (இப்போது பிடிக்கும் சார்ஜ்) பாருங்கள். எங்களுடையதில் இரண்டாவது எண் முதலாவதில் பாதிகூட இல்லை.

திரும்பக் கடைக்குப் போனேன். "ஐ7-னு சொன்னோம், ஐ7 குடுத்தோம், இதுல என்ன சார் தப்பு?" என்றார். வேண்டுமானால் 9,000 பிடித்துக்கொண்டு வேறு ஒன்று தருவாராம். அக்காவுக்கு 9,000 ரூபாய் என்பது எத்தனை ஜாக்கெட் என்று எனக்குத் தெரியும். வந்துவிட்டேன்.

புதிதாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்து ஷோரூம்களில் பார்த்தேன். அங்கே வேறு மாதிரி. "ரைசன் 5, 7000 சீரிஸ், லேட்டஸ்ட் சார்" என்று ஏஎம்டி கம்பெனியின் 7520யு புராசஸர் போட்ட லேப்டாப்பைக் காட்டினார்கள். அந்த நான்கு எண்ணில் மூன்றாவதைப் பாருங்கள். 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. நான்கு கோர், பெயருக்கு ஒரு ரேடியான் 610எம் (இது தனி கார்டு இல்லை, புராசஸரோடு வருவது), ரேம் போர்டோடு பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. அதே ரைசன் 5-இல் 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர், கிராஃபிக்ஸும் மேல். ஒரே ஒரு இலக்கம்தான் மாறுகிறது. விற்கிற பையனுக்கே அது தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம் ரேம் 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால், இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் இரண்டு குச்சி போட்டால் கேம் ஓடும் வேகம் நன்றாகவே கூடும்.

புகாருக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. கையில் இருக்கும் ஒரே பலமான சான்று அந்த வாட்ஸ்அப் செய்தி. "4 ஜிபி கிராஃபிக்ஸ்" என்று அவர்களே அடித்து அனுப்பியது. பணமும் ஜிபேயில் போட்டதால் தேதியோடு இருக்கிறது. துண்டுச் சீட்டை மட்டும் நம்பியிருந்தால் ஒன்றுமே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பணத்தைத் திருப்பித் தர பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது.

ஆகவே, இந்த மாதம் செகண்ட்ஸ் லேப்டாப் வாங்கியவர்கள் இன்றைக்கே அபௌட் பக்கத்தையும் பேட்டரி அறிக்கையையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். சொன்னதும் கொடுத்ததும் வேறாக இருந்தால் போனில் சண்டை போட்டு நாளைக் கடத்தாமல், எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு 1915-ஐக் கூப்பிடுங்கள்.