எஸ்கெட்டமின் ஸ்ப்ரேயா, சைலோசைபின் ட்ரையலா? நாங்க எதை எடுத்தோம், ஏன்

அக்கா நியூ ஜெர்சில இருக்கா, டிப்ரெஷனுக்கு மாத்திரை ஒண்ணு மாத்தி ஒண்ணு குடுத்தும் சரியா கேக்கல. அடுத்து எஸ்கெட்டமின் மூக்கு ஸ்ப்ரே, இல்லன்னா சைலோசைபின் (மேஜிக் காளான்ல இருக்கற பொருள்) வச்சு நடக்கற ஆராய்ச்சி ட்ரையல்னு பேச்சு வந்துச்சு. நாங்க ஸ்ப்ரேக்குப் போனோம், இப்போ யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆராய்ச்சி ரெண்டுக்கும் இருக்கு. 2000ல அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டில டாக்டர் ஜான் கிரிஸ்டல் டீம் கொஞ்சமா கெட்டமின் (ஒரு மயக்க மருந்து, எஸ்கெட்டமின் இதோட ஒரு வடிவம்) குடுத்து டிப்ரெஷன் குறையுதான்னு பாத்தாங்க, 2019ல எஸ்கெட்டமினுக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி வந்துருச்சு. சைலோசைபினுக்கு 2022ல வந்த ட்ரையல்ல 233 பேர், அதுல 25 மில்லிகிராம் ஒரே டோஸ் எடுத்தவங்களுக்கு, வெறும் 1 மில்லிகிராம் எடுத்தவங்கள விட மூணாவது வாரத்துல நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது. ஒரே டோஸ்ங்கறது பெரிய விஷயம்தான், ஸ்ப்ரேன்னா மொத மாசம் வாரத்துக்கு ரெண்டு தடவ போயாகணும்.

ஆனா எங்கள முடிவெடுக்க வச்சது வேற. அந்த மாதிரி சைலோசைபின் ட்ரையல்ல சேர பொதுவா ஏற்கனவே எடுக்கற டிப்ரெஷன் மாத்திரைய குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும், ஏன்னா ரெண்டுமே மூளைல இருக்கற செரட்டோனின்ங்கற ரசாயனம் வழியாத்தான் வேலை செய்யுது, ஒண்ணோட ஒண்ணு குழம்பிடும். மாத்திரை அரைகுறையா கேட்டாலும் அதப் புடிச்சிட்டுதான் அவ எந்திரிச்சு குளிச்சு சாப்பிட்டுட்டு இருந்தா, அதக் கொறச்சு நிறுத்தற நாட்கள்ல தப்பான எண்ணம் வந்துட்டா என்ன பண்றது, ட்ரையல்ல கம்மி டோஸ் கோஷ்டில விழுந்துட்டா அந்த ரிஸ்க் மொத்தமும் வீண்தானே. எஸ்கெட்டமின் குளூட்டமேட்ங்கற வேற மூளை ரசாயனம் வழியா போறதால மாத்திரைய தொடவே வேணாம், 2019ல அனுமதி குடுத்ததே மாத்திரையோட சேத்து எடுக்கத்தான்.

க்ளினிக்ல பிபி பாப்பாங்க, தலைய சாச்சு உக்காந்து ரெண்டு மூக்குலயும் ஒவ்வொரு தடவ அடிச்சிக்கணும், அஞ்சு நிமிஷம் விட்டு அடுத்த டிவைஸ். தொண்டைல ஒரு கசப்பு எறங்கும், அதுக்கு அக்கா மிட்டாய் வச்சிருப்பா. ரெண்டு மணி நேரம் அங்கயே இருக்கணும், அன்னிக்கு கார் ஓட்டக் கூடாது, அதனால கூட்டிட்டு வர ஒருத்தர் கண்டிப்பா வேணும்.

வலிக்கும் இத எடுக்கலாமான்னு கேட்டா, கெட்டமின ட்ரிப்ஸ்ல ஏத்தி நரம்பு வலிக்கு குடுக்கறது ரொம்ப நாளா இருக்கு, ஆனா இந்த ஸ்ப்ரே டிப்ரெஷனுக்கு மட்டும்தான், வலி விஷயத்துல எங்களுக்கு அனுபவம் இல்ல. மூளைல ரத்தக்கசிவு வந்தவங்களுக்கு ஸ்ப்ரே கூடவே கூடாது. ஏற்கனவே மாத்திரை இல்லாம ஓரளவு நிதானமா இருக்கறவங்க, முழு நாள் ஒதுக்க முடியும்னா சைலோசைபின் ட்ரையல் பத்தி டாக்டர்கிட்ட தாராளமா கேக்கலாம்.