ஆத்தங்குடிக் கல்லோடு பன்னிரண்டு வருடம்: அல்சூர் வீட்டு அனுபவம்

பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டுக் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. கல் என்று சொன்னாலும், கையால் செய்கிற பூப்போட்ட சிமெண்ட் தரை ஓடுதான் அது. வீடு கட்டுகிற சொந்தக்காரர்கள், புதிதாக ஃபிளாட் வாங்கியவர்கள் யார் வந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். அப்புறம், "பார்க்க நல்லா இருக்கு, ஆனா பராமரிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நின்ற நிலையில் இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இது என் மாமனார் காலத்து வீடு. பெங்களூரின் பழைய வீடுகள் பலவற்றைப் போல இங்கேயும் சிவப்பு ஆக்சைடு தரைதான் இருந்தது. தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காகக் கூடத்தின் நடுவே தோண்டினோம். ஒட்டுப் போட்ட இடம் பழைய சிவப்போடு சேரவே இல்லை. மொத்தத்தையும் மாற்றுவது என்று முடிவானதும் வீட்டுக்காரர் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிற விட்ரிஃபைடு டைல்ஸ் போடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது தண்ணீரை உறிஞ்சாது, கறை பிடிக்காது, இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும்.

எனக்கு மட்டும் மனது வரவில்லை. என் அம்மாவழிப் பாட்டி வீடு காரைக்குடிப் பக்கம். சித்திரை வெயிலில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய்கூட விரிக்காமல் பூக்கல் தரையில் அப்படியே படுத்துக்கொள்வோம். பெரிய நகரத்தார் வீடு ஒன்றும் இல்லை, சாதாரண ஓட்டு வீடுதான். ஆனால் கூடத்தில் மட்டும் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தார்கள். அந்தக் குளிர்ச்சி முதுகில் இன்னும் இருக்கிறது. ஒரு முறை ஆத்தங்குடிக்கே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். அவரும் சரி என்றார்.

அந்தப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கல்லை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அது எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஆத்தங்குடி சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். பட்டறையில் சூளை கிடையாது, பெரிய எந்திரம் எதுவும் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கீழே வைக்கிறார்கள். அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வேலைப்பாடு கொண்ட உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கை நடுங்கினால் மஞ்சள் பச்சைக்குள் ஓடிவிடும். ஊற்றி முடித்ததும் அச்சை மட்டும் நேராகத் தூக்குகிறார்கள். நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு நிரவிவிடுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்துக் காயவிடுகிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தனியாகக் கழன்று வருகிறது. கல்லின் முகம் அதுவரை கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த பக்கம். அதைத் திருப்பிப் பார்த்தபோது என் முகம் மங்கலாக அதில் தெரிந்தது.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் சொன்னது எனக்குப் பாடமாகவே ஆகிவிட்டது. "இது தேச்சு வந்த பளபளப்பு இல்ல தாயி. கண்ணாடி குடுத்தது. போச்சுன்னா திரும்ப வராது." அப்போது தலையாட்டினேன். முழுசாகப் புரிய எனக்கு ஏழு வருடம் ஆனது.

கணக்குக்கு வருகிறேன். எங்கள் கூடம் பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 180 சதுர அடி. கல் 8 அங்குலச் சதுரம். 100 சதுர அடிக்கு 225 கல் வேண்டும் என்பது மனதில் வைத்துக்கொள்ளச் சுலபமான கணக்கு. எங்களுக்கு 405 கல் வந்தது. உடைசலுக்கும் பின்னாளைக்கும் சேர்த்து 450 வாங்கினோம். கனம் முக்கால் அங்குலம் இருப்பதால் ஒரு கல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். கூடத்துக்கு மட்டும் முக்கால் டன் சரக்கு. அடுக்களைக்கும் முன் வராண்டாவுக்கும் தனி. லாரியில் வைக்கோல் வைத்துக் கட்டி வந்தும் பதினொரு கல் மூலை உடைந்திருந்தது. தயவுசெய்து பத்துச் சதவீதமாவது கூடுதலாக வாங்குங்கள். நிறத்தைக் கையால் கலக்கிறார்கள். அடுத்த மாதம் அதே பட்டறையில் வாங்கினாலும் சிவப்பு ஒரு பொட்டு மாறித்தான் வரும்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கல்லுக்குக் கீழே ஒன்று, ஒன்றரை அங்குலம் கலவை போட்டாக வேண்டும். கல்லின் கனமும் சேர்ந்தால் தரை ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும். கதவின் அடியை அறுக்க வேண்டும், பால்கனிப் படி மாறும். பழைய டைல்ஸ் மேலேயே பசை தடவி ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கல்லுக்கு அது ஒத்துவராது.

பதிப்பதில்தான் முதல் அடி வாங்கினோம். முன் வராண்டா சின்ன இடம்தானே என்று உள்ளூர் மேஸ்திரி ஒருவரிடம் கொடுத்தோம். நல்ல வேலைக்காரர், ஆனால் பழகியதெல்லாம் ஷோரூம் டைல்ஸ். கல்லுக்குக் கல் இடைவெளி விட ஸ்பேசர் வைத்தார், ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்த்தார். நான்கு கல்லில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டது. கலவை மேலே வழிந்ததைச் சாயங்காலம் துடைக்கலாம் என்று விட்டுவிட்டார். சிமெண்ட் மேல் சிமெண்ட் காய்ந்தால் எப்படிப் போகும்? அந்தச் சாம்பல் நிறத் திட்டு இன்றும் வராண்டா மூலையில் இருக்கிறது.

கூடத்துக்குக் காரைக்குடியிலிருந்தே இரண்டு பேரை வரவழைத்தோம். பயணச் செலவு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. அந்தக் காசு வீண் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர்கள் நூல் பிடித்து நடுவிலிருந்து தொடங்கினார்கள். ஒரு கல்லை இன்னொரு கல்லோடு இடைவெளியே இல்லாமல் சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். வழிந்த கலவையை அந்தந்த நிமிடமே துணியால் எடுத்தார்கள். பெயின்ட், மின்சார வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லைத் தொடுவோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். முடிந்ததும் உமி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் விளக்கேற்றியபோது சுடர் தரையில் விழுந்ததைப் பார்த்து அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பதித்த மூன்றாம் மாதம் ஜன்னல் ஓரக் கற்களில் வெள்ளையாகப் பூத்தது. நான் பயந்தே போனேன். ஊருக்குப் போன் செய்தால், "உப்பு பூத்திருக்கு, ஈரம் அடங்கினா நின்னுரும், மெழுகு கிழுகு போட்றாதீங்க" என்றார்கள். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே ஏறி, காற்று பட்டதும் வெள்ளையாகப் படிகிறது. அவசரப்பட்டு மேலே ஒரு பூச்சு அடித்தால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் தினமும் துடைத்தோம். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போனதும் நின்றுவிட்டது.

தினப்படிப் பராமரிப்பு நினைப்பதைவிடச் சுலபம். பெருக்கிவிட்டு நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீர் ஒரு தொட்டியிலும் போர்வெல் தண்ணீர் வேறு தொட்டியிலும் இருக்கும். போர்வெல் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரியும், அதனால் தரைக்குக் காவிரித் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரைத் தரைக்கா என்று கேட்பார்கள். அரை பக்கெட் போதும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அந்த அரை பக்கெட்டில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவேன். முதல் வருடம் ஆசையில் எண்ணெயை நேராகத் தரையில் தடவி, அத்தை வழுக்கி விழப் பார்த்தார். தூசும் அப்பிக்கொண்டது. சொட்டுக் கணக்கு என்றால் சொட்டுக் கணக்குதான்.

அடுக்களையில் மட்டும் போடாதீர்கள். இதை மனதாரச் சொல்கிறேன். நான் போட்டேன், ஐந்தாம் வருடம் பெயர்த்து எடுத்தேன். இந்தக் கல் உறிஞ்சும். மஞ்சள்தூள் சிந்தினால் வெள்ளைப் பூவில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதைவிடக் கெடுதல் புளித்தண்ணீரும் எலுமிச்சையும். அவை கறையாக நிற்காமல் கல்லின் முகத்தையே அரித்துவிடுகின்றன. ரசம் சிந்திய இடம் மங்கிப்போய்ச் சொரசொரவென்று ஆகிவிட்டது. அந்தப் பூக்களைப் பெயர்க்கும்போது மனசு கேட்கவில்லை, ஆனால் தினமும் பயந்துகொண்டு சமைக்க முடியாது. குளியலறைக்கும் இதே பதில்தான்.

இனி அந்த ஏழாம் வருடம். நாங்கள் ஊருக்குப் போயிருந்த நேரம், பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று மைத்துனர் ஒரு சுத்தம் செய்கிற நிறுவனத்துக்கு ஆள் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் கழிவறையில் முடித்த கையோடு கூடத்து வாசல் பக்கமும் ஆசிட் கலந்த தண்ணீரை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். தரை நுரைத்ததைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று நினைத்தார்களாம். போனது அழுக்கு இல்லை, கண்ணாடி கொடுத்த முகம். திரும்பி வந்து பார்த்தபோது எட்டுக் கல் வெளுத்து, மணல் தெரிய நின்றன. பெரியவர் சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எண்ணெய் போட்டுப் பார்த்தேன், கல் பாலீஷ் ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நிறத்தைக் கொஞ்சம் மீட்க முடிந்தது, அந்த மினுமினுப்பை மீட்க முடியவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்கிற தங்கச்சி அதற்குப் பிறகு, "அக்கா, ஆசிட் பாட்டில வீட்டுக்குள்ளயே விடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கழிவறைக்கும் வாங்குவதில்லை.

மற்ற இடமெல்லாம் எப்படி இருக்கிறது என்றால், பதித்த நாளைவிட நன்றாக இருக்கிறது. ஊஞ்சலுக்குக் கீழே காலால் உந்துகிற இடத்தில் கற்கள் கறுத்துக் குழைந்து ஒரு தனி மினுக்கம் வந்திருக்கிறது. நடக்க நடக்க வருவது அது, கடையில் வாங்க முடியாது. வெயில் படுகிற வராண்டாவில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் அப்படியே இருக்கின்றன, இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலுக்கு அசையாது. நீலம் மட்டும் வெளிறிவிட்டது. வெளியில் போடுவதானால் நீலத்தைத் தவிர்த்துவிடுங்கள். மார்கழியில் பெங்களூர்க் குளிருக்குத் தரை சில்லென்று இருக்கும், அத்தை காலுறை போட்டுக்கொள்வார். ஏப்ரலில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அதே தரையில்தான் புரள்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே பல ஷோரூம்களில் ஆத்தங்குடி டிசைன் என்று காட்டுவது பூப்படம் அச்சடித்த செராமிக். அது தப்பான பொருள் இல்லை, அடுக்களைக்கு நானே இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் ஆத்தங்குடி விலைக்கு அதை வாங்காதீர்கள். திருப்பிப் பார்த்தாலே தெரியும். அசல் கல்லின் பின்பக்கம் வெறும் சிமெண்டும் மணலும், கனம் முக்கால் அங்குலம். மூலையில் உடைந்த துண்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள், நிறம் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருக்கும். இரண்டு கல்லை அருகருகே வைத்தால் பூ ஒரே மாதிரி இருக்காது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் பார்க்கிற வழவழப்பான புடைப்புப் பூ ஓடுகள் வேறு, அவற்றில் பல ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை, சூளையில் சுட்டவை. தரையில் இருப்பது இந்தச் சுடாத கல். சிமெண்ட் பூக்கல்லே ஐரோப்பாவில் பிறந்து இங்கே வந்த கலைதான். மும்பையில் 1922-ல் தொடங்கிய பாரத் நிறுவனமும் சிமெண்ட் பூக்கல்தான் செய்தது, ஆனால் அழுத்த எந்திரத்தில். ஆத்தங்குடிக்காரர்கள் அழுத்த எந்திரத்துக்குப் பதில் கண்ணாடியை நம்பினார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலுக்குப் போய்விட்டன. அங்கே தரையில் கிடப்பதை இன்னமும் கையால் செய்து கொடுக்க ஆள் இருக்கும்போது நாம் வாங்காமல் வேறு யார் வாங்குவார்கள்?

மாடிப்படிக்குக் கீழே இன்னும் முப்பது கல் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அந்த எட்டுக் கல்லை மாற்ற வருகிற தை மாதம் காரைக்குடியிலிருந்து ஆள் வருகிறார், முதலில் பதித்தவரின் மகன். ஒரே நாளில் செய்தவைதான் என்றாலும் யாரும் நடக்காத கல்லுக்கும் பன்னிரண்டு வருடம் நடந்த கல்லுக்கும் நிறம் சேராது, வாசலில் எட்டுக் கட்டம் தனியாகத் தெரியும் என்று முன்பே போனில் சொல்லிவிட்டார். தெரியட்டும், பதித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.