வெள்ளெழுத்துக்கு எந்தக் கண்ணாடி?

மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைப் படிக்கக் கையை எட்ட நீட்டி, அதுவும் போதாமல் ட்யூப்லைட்டின் அடியில் போய் நிற்கத் தொடங்கினால் வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று பொருள். சாளேசரம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். நாற்பது வயதையொட்டிக் கண்ணின் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால் அருகிலுள்ள எழுத்து மங்குகிறது. தீர்வாகக் கடைக்காரர் முன்வைப்பவை மூன்று கண்ணாடிகள்.

முதலாவது, படிப்பதற்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி. மலிவானது, பழக வேண்டியதில்லை, லென்ஸ் முழுவதும் தெளிவாக இருக்கும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. அவர்கள் பறிக்கும் இலையின் அளவு கணிசமாகக் கூடியிருந்தது. ஆனால் வாசலில் வந்து நிற்பவரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும், கழற்றியதைப் பிறகு தேடவும் வேண்டும். ஆயத்தமாக விற்பவற்றில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான். அதைவிடப் பெரிய குறை, அவற்றை வாங்குபவர் கண் மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுவதால், அறிகுறியின்றி வளரும் கண் அழுத்த நோய் கண்டறியப்படாமல் போகலாம்.

இரண்டாவது, பைஃபோக்கல். ஒரே லென்ஸில் மேற்பகுதி தூரத்தில் பார்க்க, கீழே அரைவட்டமான பகுதி அருகில் பார்க்க. படிக்கும் பகுதி அகலமானது. நாளிதழ் வாசிப்பவருக்கு இன்றும் உகந்தது. கணினித் திரை இரண்டுக்கும் நடுவிலான தூரத்தில் இருப்பதால் அலுவலகத்தில் இது உதவாது.

அந்த இடைவெளியை நிரப்பவே 1959இல் பிரான்சில் புரோகிரசிவ் லென்ஸ் விற்பனைக்கு வந்தது. பவர் மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் கூடும், பைஃபோக்கலில் இரு பகுதிகளைப் பிரிக்கும் கோடு இதில் தெரியாது. ஆயினும் அந்தப் படிப்படியான மாற்றத்துக்கு விலையாக லென்ஸின் இரு ஓரங்களிலும் காட்சி சற்றே வளைந்து மங்கும். கண்ணை மட்டும் உருட்டாமல் தலையையே திருப்பிப் பார்க்கப் பழகச் சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். பல ஆயிரம் கொடுத்து வாங்கியும் பயன்படவில்லை என்று அலமாரியில் போடப்படும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை அளவெடுப்பில் கெட்டவை என்பது என் கணிப்பு. நீங்கள் தேர்ந்தெடுத்த பிரேமை மாட்டி, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணிக்கு நேராகப் பேனாவால் புள்ளி வைக்காமலோ வேறு கருவியால் அளக்காமலோ ஆர்டர் எடுக்கும் கடையில் புரோகிரசிவ் வாங்காதீர்கள்.

இவற்றுள் எது என்பதைக் கண்ணைவிடக் காலே தீர்மானிக்க வேண்டும் என்பேன். பைஃபோக்கலிலும் புரோகிரசிவிலும் கீழ்ப்பகுதி கையிலுள்ள புத்தகத்துக்கானது. கண்ணிலிருந்து ஐந்தடி கீழே இருக்கும் படியின் விளிம்பு அதன் வழியே மங்கலாகவே தெரியும். ஆஸ்திரேலியாவில் 2010இல் வெளியான ஆய்வில், வெளியே அதிகம் நடமாடும் முதியோர் தூரத்தில் பார்க்க மட்டுமான கண்ணாடிக்கு மாறியபோது விழுவது குறைந்தது. வீட்டோடு இருப்பவர்களுக்கோ அதே மாற்றம் வெளியே விழுவதைக் கூட்டியது. எனவே நாற்பதுகளில் திரைமுன் அமர்ந்திருப்பவர் தயங்காமல் புரோகிரசிவுக்குப் போகலாம். எழுபதில் பேருந்து ஏறி இறங்கிக் கோயிலுக்கும் சந்தைக்கும் நடப்பவருக்குத் தெருவுக்கு ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு தனிக் கண்ணாடிகளே நல்லது. வீட்டுக்குள்ளேயே இருப்பவர் பல ஆண்டுகளாகப் பைஃபோக்கலில் பழகியிருந்தால் அவரை மாற்றச் சொல்ல மாட்டேன். எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் அதை மாட்டிக்கொண்டு கடை வாசற்படியில் ஒருமுறை இறங்கி ஏறிப் பாருங்கள்.