பெட்ரோல் பம்ப் ரீகால்: வண்டி தங்கம், மற்றதைக் கேட்காதீர்கள்

நண்பர் ஒருவர் என்னிடம் இருக்கும் அதே கார் மாடலை செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்துக்கொண்டு, எடுக்கலாமா என்று கேட்டார். மைலேஜ், பிக்கப் எல்லாம் யூடியூபில் ஏகப்பட்ட பேர் சொல்லிவிட்டார்கள். நான் பெட்ரோல் பம்ப், அதாவது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பைபாஸில் போகும்போது திடீரென்று இழுவை குறையும், ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஏறாது, அப்புறம் தானாகச் சரியாகிவிடும். வெளி மெக்கானிக் பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், கலப்பட பெட்ரோல் என்று பங்க்கைத் திட்டினார். கடைசியில் ஓடும்போதே இன்ஜின் நின்றது. நின்றால் ஸ்டீரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டர் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும், பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் கதை முடிந்தது.

2020-ல் டென்சோ என்ற உதிரிபாக கம்பெனியின் கோளாறான பம்புகளுக்காக டொயோட்டா, ஹோண்டா எல்லாம் லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது (ரீகால்) ஞாபகம் இருக்கலாம். பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் என்ற சின்ன பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உறையில் உரசி நின்றுவிடும். என் வண்டி வேறு கம்பெனி. ஆனாலும் என் வண்டிக் கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டதும், பம்ப் ரீகால் இருக்கிறது என்று பளிச்சென்று வந்தது.

எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? மெசேஜ் முதல் ஓனரின் நம்பருக்குப் போயிருக்கிறது. ஆர்சி என் பேரில், இன்சூரன்ஸ் என் பேரில், சர்வீஸ் பில்கூட என் பேரில். "சார், சர்வீஸ் டியூ" என்று என் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிடத் தெரிகிறவர்களுக்கு, உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும் அந்த நம்பர் கிடைக்கவில்லையாம்!

வேலையைக் குறை சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டரில் காலையில் விட்டேன், மதியம் முடிந்தது, பைசா வாங்கவில்லை. அதற்குப் பிறகு வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆனால் அங்கே சர்வீஸ் அட்வைசர் இருக்கிறாரே, இன்ஜெக்டர் கிளீனிங் செய்யலாமா, த்ரோட்டில் பாடி பார்க்கலாமா என்று ஒரு லிஸ்ட்டை நீட்டினார். பம்ப் மாற்றியதை ஜாப் கார்டில், அதாவது செய்த வேலையைக் குறிக்கும் சீட்டில், எழுதிக் கேட்டால் "சிஸ்டத்துல இருக்கு சார்" என்கிறார். எழுத வைப்பதற்குள் குரலை உயர்த்த வேண்டியதாகிவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி கம்பெனிக்கு அரசு உத்தரவிடலாம் என்ற 110ஏ பிரிவை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்தது. 2021 ஏப்ரல் முதல் அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஆனால் அது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, அதுவும் அரசே கட்டாயப்படுத்தினால்தான். கம்பெனி தானாக முன்வந்து அழைத்தால் அபராதம் கிடையாது. முதல் ஓனருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டாலே முன்வந்ததாக ஆகிவிடுகிறது போல.

நான் இந்த வண்டியை விற்கப்போவதில்லை, இந்த விலையில் இதைவிட நல்ல வண்டி இல்லை. நீங்கள் வேறு பாருங்கள். இல்லை, இதுதான் வேண்டும் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரை வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஓனர் "அதெல்லாம் மாத்தியாச்சு" என்றால் ஜாப் கார்டைக் கேளுங்கள்.