மாநிலத் தகவல் பரிமாற்ற அமைப்பு: ஒரு கிளினிக்கின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்க மாநிலம் ஒன்றில் குடும்ப மருத்துவக் கிளினிக்கில் நோயாளிகளின் சிகிச்சையை ஒருங்கிணைக்கும் பணியில் இருக்கிறேன். மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் நோயாளிகளின் பதிவுகளைக் கணினி வழியே பகிர்ந்துகொள்வதற்கான, மாநிலம் முழுவதற்குமான சுகாதாரத் தகவல் பரிமாற்ற அமைப்பைப் பல ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்திவருகிறேன். இதில் புதிதாகச் சேர எண்ணும் சிறு கிளினிக்குகளுக்கும், இத்துறையின் மென்பொருள் பணியில் இருக்கும் நம்மவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

டெலவேர் மாநிலத்தின் அமைப்பு 2007இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. மற்ற பல மாநிலங்களில் வேலை சூடுபிடித்தது, மின்னணு மருத்துவப் பதிவேடுகளை ஊக்குவிக்கும் 2009ஆம் ஆண்டின் ஹைடெக் சட்டத்தின்கீழ் மத்திய அரசு மாநிலங்களுக்கென ஏறத்தாழ 54.8 கோடி டாலரை ஒதுக்கிய பிறகுதான். பணம் ஒரே இடத்திலிருந்து வந்தாலும் விதிகள் ஒன்றாக அமையவில்லை. நியூயார்க்கில் நோயாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இருந்தால்தான் பொதுவாகப் பதிவுகளைப் பார்க்க முடியும். மேரிலாந்திலோ, வேண்டாம் என்று விலகிக்கொள்ளாத எல்லோரும் அமைப்புக்குள் இருப்பார்கள். எங்கள் மாநிலம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

தொடக்க ஆண்டுகளில் இந்த அமைப்பு ஒரு தனி இணையதளமாக, தனிக் கடவுச்சொல்லோடு இருந்தது. ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கும் மருத்துவர், இன்னொரு திரையைத் திறந்து பெயரைத் தட்டச்சு செய்து தேடுவார் என்று எதிர்பார்த்ததே வீண். எங்கள் மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்குள்ளேயே ஒரு பொத்தானாக அது இடம்பெற்ற பின்னர்தான் பயன்பாடு கூடியது. அப்போதும் மருத்துவர்கள் முழுப் பதிவைத் திறப்பது அரிதாகவே இருந்தது. திறந்தால் ஒரே மாத்திரை மூன்று மருத்துவமனைகளின் பட்டியல்களிலிருந்து மூன்று முறை வந்து நிற்கும், அதில் எது நிறுத்தப்பட்டது என்று தெரியாது.

உண்மையில் எங்கள் வேலையை மாற்றியது, பலரும் பெரிதாகப் பேசாத ஒரு வசதி: மருத்துவமனையில் சேர்க்கை, டிஸ்சார்ஜ் ஆகியவற்றைப் பற்றிய உடனடி அறிவிப்பு. எங்கள் நோயாளிகளின் பட்டியலை அமைப்பிடம் கொடுத்துவிட்டால், அவர்களில் ஒருவர் மாநிலத்தின் எந்த மூலையில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலும் பெயர், மருத்துவமனை, நேரம், வந்த காரணம் என நான்கே வரிகளில் செய்தி வந்துவிடும். முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிக்கேரின் விதிப்படி, டிஸ்சார்ஜ் ஆனவரை இரண்டு வேலை நாட்களுக்குள் தொடர்புகொண்டு, நோயின் தீவிரத்தைப் பொறுத்து ஏழு அல்லது பதினான்கு நாட்களுக்குள் நேரில் பார்த்தால்தான் அந்த இடைக்காலப் பராமரிப்புக்கான கட்டணத்தைக் கேட்க முடியும். முன்பெல்லாம் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அவர் தொலைபேசியில் அழைக்கும்போதுதான், இதயச் செயலிழப்புக்காக ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார் என்பதே எங்களுக்குத் தெரியவரும். மின்னணுப் பதிவேடு வைத்திருக்கும் மருத்துவமனைகள் இத்தகைய அறிவிப்புகளை அனுப்ப வேண்டும் என்பது 2021 மே மாதம் முதல் மெடிக்கேரில் பங்கேற்பதற்கான நிபந்தனைகளில் ஒன்றாகிவிட்டது.

இந்த வசதியிலும் குறைகள் உண்டு. கட்டில் மாறினாலும், காப்பீட்டு விவரத்தைத் திருத்தினாலும் மருத்துவமனைக் கணினி ஒரு திருத்தச் செய்தியை அனுப்பும்; வடிகட்டாமல் விட்டால் ஒரே நோயாளிக்குச் செய்திகள் சரம் சரமாக வரும். சேர்க்கையும் டிஸ்சார்ஜும் மட்டும் போதும் என்று நாங்கள் கேட்டு வாங்கினோம். அதைவிட மோசமானது, டிஸ்சார்ஜ் ஆகி எங்கே போனார் என்பதற்கான கட்டம் காலியாக வருவது. நோயாளி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பார்; நாங்கள் பூட்டிய வீட்டின் தொலைபேசியை அடித்துக்கொண்டிருப்போம்.

அடுத்தது ஆளை அடையாளம் காணும் சிக்கல். மருத்துவத் தகவல்களின் பாதுகாப்புக்கும் அடிப்படையான 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் நாடு தழுவிய நோயாளி எண் ஒன்றை எதிர்பார்த்தது. ஆனால் அதற்கு நிதி செலவிடக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1990களின் இறுதியில் தடை போட்டுவிட்டது. எனவே பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவைதானா என்று கணினி மதிப்பிடுகிறது. இனிஷியலோடு ஒரே பெயர் வைத்திருக்கும் நம் மக்களிடம் இந்தக் கணக்கு தடுமாறும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாதவருக்கு விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். ஒரு மருத்துவமனை அதையே பெயராகப் பதிந்துகொள்ளும், இன்னொன்று அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக்கிவிடும். இப்படி ஒருவரே மூவராகச் சிதறிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சிதறலாவது தகவல் குறைவு என்ற அளவில் நின்றுவிடும். இரட்டைப் பிள்ளைகளின் பதிவுகள் ஒன்றாகக் கலந்துவிட்டால் ஒருவரின் ஒவ்வாமை மற்றவரின் கணக்கில் ஏறிவிடும் என்பதால், சந்தேகம் எழும் இடத்தில் இணைக்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எனக்குப் பெரும்பாலும் நிறைவுதான். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்பது ஒவ்வொரு முறையும் குறிக்கப்படுகிறது. எங்கள் கிளினிக்கின் பொறுப்பாளர் மாதந்தோறும் அந்தப் பட்டியலை எடுத்து, காரணம் புரியாத பார்வைகளைப் பற்றி விசாரிக்கிறார். ஊழியர்கள் தங்கள் உறவினரின் பதிவைத் தேடக் கை நீட்டாமல் இருப்பதற்கு, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் மறையாக்கத்தைவிட இந்தப் பட்டியலே காரணம் என்பேன். போதைப்பழக்கச் சிகிச்சைப் பதிவுகளுக்கு மத்திய அரசின் தனி விதி உண்டு. பொதுவாக நோயாளியின் ஒப்புதலின்றி அவை வெளியே வராது. 2024இல் திருத்தப்பட்ட விதி, எதிர்காலச் சிகிச்சைகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்புதலைப் பெற வழிசெய்கிறது. இந்தத் தனிக் காவல் தேவையானதே. ஆனால் ஏதோ ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது என்பதே திரையில் தெரியாததால், இருப்பதுதான் முழுப் பதிவு என்று மருத்துவர் நம்பிவிடக்கூடும். ஆகவே நாங்கள் நோயாளியிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.

எல்லை தாண்டிய பகிர்வு இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. சுகாதாரத் தகவல் வலையமைப்புகளை நாடு முழுவதும் ஒன்றோடொன்று இணைப்பதற்கான ‘டெஃப்கா’ ஏற்பாட்டின்கீழ் முதல் வலையமைப்புகள் 2023 டிசம்பரில் அங்கீகாரம் பெற்ற பின்னரும், பக்கத்து மாநிலத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் டிஸ்சார்ஜ் அறிக்கைக்கு நான் பெரும்பாலும் ஃபேக்ஸ் எந்திரத்தின் முன்தான் நிற்கிறேன்.

சேர எண்ணும் கிளினிக்குகள், எத்தனை மருத்துவமனைகள் இணைந்துள்ளன என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். உங்கள் நோயாளிகள் வழக்கமாகப் போகும் மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லி, அவை ஒவ்வொன்றும் டிஸ்சார்ஜ் அறிக்கையை அனுப்புகின்றனவா, எத்தனை மணி நேரத்தில் அனுப்புகின்றன, போன இடத்துக்கான கட்டத்தை நிரப்புகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.